டண்டினொங்கில் ஒரு ஜாவாப் பள்ளிக்கூடம்

மாலை வகுப்பில் வரலாறு கற்பிப்பது, வேலை முடித்துக் களைத்து வந்தவர்களின் கொட்டாவியோடு போட்டி போடும் தொழில். அதில் தோற்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

பாக்

சில வருடங்களுக்கு முன், புலம்பெயர்ந்தோர் நிறைந்த டண்டினொங் புறநகரில், பெரியவர்களுக்கான வகுப்பில் ஜாவாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் ஜாவாக்காரர் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே பள்ளிகள் தொடங்கினார்கள். அங்கே ஆசிரியரைத் தகப்பன் என்ற பொருளில் ‘பாக்’ என்று அழைத்தார்கள் என்றேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் மாணவி லஸ்திரி ஜாவாக்காரி. அன்றிலிருந்து என்னை அப்படியே கூப்பிட்டார். அகதியாகப் படகில் வந்து கோழித் தொழிற்சாலையில் வேலை செய்த ரூபன் மட்டும் தயங்கினான்.

“அப்பாவெண்டு கூப்பிட்டா, வீட்டுப்பாடம் செய்யாட்டி அடி விழுமே, சேர்?”

பெயர் வெட்டல்

தனியார் பள்ளி நடத்த இனி அனுமதி வேண்டும் என்று ஒல்லாந்த அரசு சட்டம் போட்டது. ஜாவா ஆசிரியர்கள் அனுமதி கேட்க மறுத்தார்கள். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அலுவலகப் பெண் உள்ளே வந்தார். ரூபனின் தற்காலிக விசாவில் படிக்க உரிமை இல்லையாம். அவன் பெயரை எடுத்துவிட்டார்களாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பையைத் தூக்கிவிட்டான். வாசலில் நின்று திரும்பினான்.

“அந்த வாத்திமார் பிறகு என்ன செய்தவை, சேர்? அதை மட்டும் சொல்லுங்கோ, போட்டு வாறன்.”

கராஜ்

அவன் போனதும் பலகையை அழித்துவிட்டு வகுப்பை முடித்தேன். ஒருவரைப் பிடித்தால் இன்னொருவர் பாடத்தைத் தொடரட்டும், பள்ளியை மூடினால் வீடுகளில் நடக்கட்டும் என்பதே அந்த ஜாவா ஆசிரியர்களின் முடிவு. அதை மேசைக்குப் பின்னால் நின்று சொல்ல எனக்கு என்ன தகுதி?

அடுத்த ஞாயிறு லஸ்திரி ரூபனையும் சேர்த்து எல்லோரையும் தன் கராஜுக்குத் தேநீருக்கு அழைத்தார். பிளாஸ்டிக் கதிரைகள், வறுத்த கச்சான் கடலை, நடுவில் நான். அரசு கடைசியில் பின்வாங்கிய கதையை அங்கேதான் சொன்னேன். என் வேலை போகுமோ, ரூபனின் விசா போகுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரூபன் சிரித்தான்.

“பயப்படாதேங்கோ. படிக்கக்கூடாதெண்டுதான் போட்டிருக்கு, தேத்தண்ணி குடிக்கக்கூடாதெண்டு போடேல்லை.”

பதிவு

அந்தத் தேநீர் சில மாதங்கள் ஞாயிறுதோறும் தொடர்ந்தது. அப்படி ஒரு வகுப்பு பிறகு எனக்கு அமையவில்லை. போன மாதம் கேரம் டவுன்ஸ் கோயிலில் ரூபனைக் கண்டேன். நிரந்தர விசா கிடைத்துவிட்டதாம். “இனி யாரும் தடுக்கேலாது, வந்து வகுப்பிலே பதியடா” என்றேன். பிரசாதத்தை மென்றபடி யோசித்தான். முதன்முறையாக என்னை அப்படிக் கூப்பிட்டான்.

“வாறன், பாக். லஸ்திரியக்காவின்ர கராஜ் இப்பவும் திறந்திருக்கோ?”

அனுமதி பெற்ற வகுப்பறையில் இப்போதும் பாடம் நடத்துகிறேன்; கொட்டாவிகள் மட்டும் தவறாமல் பதிவு செய்துகொண்டு வருகின்றன.