மொட்டைத் தலைக்குச் சொன்ன இங்கிலீஷ்

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. திண்டுக்கல்லில் ஓர் அரசாங்க ஆபீஸில் நான் பியூன். மார்பில் டவாலி, காதில் எப்போதும் உள்ளே இருக்கும் ஐயாவின் மணிச் சத்தம். எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்ற பாடங்களெல்லாம் எப்படியோ தேறிவிட்டேன். இங்கிலீஷ் மட்டும் என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கொண்டது. அது தேறினால் கிளார்க் வேலை. வயது வரம்பு நெருங்கிவிட்டதால் இந்தத் தடவை விட்டால் ஆயுசுக்கும் மணியடித்தால் ஓடுகிற ஆள்தான்.

அதனால் சாயங்காலமானால் ஒரு காப்பித்தூள் கடை மாடியில் நடந்த டுடோரியலுக்குப் போவேன். அங்கேதான் என் சத்துரு இருந்தான். பழனி பஸ்ஸில் கண்டக்டர். காக்கிச் சட்டையோடு வருவான், காதில் பென்சில், தோளில் தோல் பை. என்னைவிட இரண்டு வயது சின்னவன். வாய் நிறைய "அண்ணே" என்பான். அதுவே எனக்கு எரியும்.

ஒருநாள் வாத்தியார், "நான் ரோட்டில் நடந்தேன், நாய் கடித்தது. பார்ட்டிசிபிள் போட்டு ஒரே வாக்கியமாக்கு" என்றார். நான் முந்திக்கொண்டு, "வாக்கிங் ஆன் த ரோட், எ டாக் பிட் மி" என்றேன்.

"ரோட்டுல நடந்தது யாருப்பா?"

"நான்தான் சார்."

"நீ சொன்னபடி பார்த்தா நடந்தது நாயி."

மாடியே குலுங்கச் சிரித்தது. கண்டக்டர் எழுந்து, "வாக்கிங் ஆன் த ரோட், ஐ வாஸ் பிட்டன் பை எ டாக்" என்றான். வாத்தியார் "சபாஷ்" என்றார். என்னைக் கடித்த நாயைக்கூட அவனே தட்டிக்கொண்டு போய்விட்டான்.

இவனுக்கு மட்டும் எப்படி வருகிறது என்பது ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவன் பஸ்ஸில் நான் போனபோது தெரிந்தது. ஓர் அம்மாள், "ஏனுங்க, சத்திரம் வந்தா எழுப்பி உடுங்க" என்றார். இவன் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "ஷி ரிக்வெஸ்டட் மி டு வேக் ஹர்" என்று முணுமுணுத்தான். படியில் தொங்கிய ஆள், "ஏலே, உள்ள எடமில்லடா" என்று கத்தினால், "ஹி டோல்ட் மி தட் தேர் வாஸ் நோ ரூம்." ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஒப்பிக்கிற ரிப்போர்ட்டட் ஸ்பீச்சை, பஸ் நிறைய ஆளை ஏற்றிப் பழகிக்கொண்டிருந்தான் படுபாவி! கல்யாணச் சாப்பாட்டில் பாயசம்கூட எனக்கு இறங்கவில்லை.

அன்று திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. ரிப்போர்ட்டட் ஸ்பீச்தானே என் உத்தியோகமே! ஐயா உள்ளே சொல்வதை வெளியே வந்து சொல்கிறேன், வெளியே சொல்வதை உள்ளே போய்ச் சொல்கிறேன். அதற்குத்தானே சம்பளம்? அவனுக்கு பஸ் என்றால் எனக்கு ஆபீஸ். மறுநாளே ஆரம்பித்துவிட்டேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு காலையில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு ஒருவர் வந்தார். நாலு முழ வேட்டி, கையில் மஞ்சள் பை, உடம்பெல்லாம் ரோட்டுப் புழுதி. பழனியில் முடி கொடுத்துவிட்டு வருகிற விவசாயி என்று நானே முடிவு கட்டினேன். "ஐயாவைப் பாக்கணும்" என்றார். உள்ளே போய், "மஞ்சப் பையோட ஒரு ஆளு வந்திருக்காருங்கய்யா" என்றேன். தினமும் மனுவோடு வந்து பிராணனை வாங்குகிற ஒருவர் என்று ஐயா நினைத்துக்கொண்டார். தலை நிமிராமலே, "அந்த முட்டாளா? நாளைக்கு வரச் சொல்லு" என்றார்.

வெளியே வந்தேன். நாக்கு துறுதுறுத்தது. மொட்டைத் தலைக்கு இங்கிலீஷ் எங்கே புரியப்போகிறது? நெஞ்சை நிமிர்த்தி, "சார் செட் தட் யு வேர் எ ஃபூல், அண்ட் டோல்ட் யு டு கம் த நெக்ஸ்ட் டே" என்றேன். 'டுமாரோ'வை 'நெக்ஸ்ட் டே' ஆக்கியதற்கு வாத்தியார் பக்கத்தில் இருந்தால் மாலையே போட்டிருப்பார்.

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "வேர்னா? அப்போ முட்டாளா இருந்தேன், இப்போ இல்லியா?"

மொட்டைத் தலைக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்கிறது! பயத்தில் வாய் தானாக விதியை ஒப்பித்தது. "சார், 'செட்'னு சொல்ற வினை பாஸ்ட் டென்ஸா இருந்தா, உள்ள இருக்கிறதும்..."

"அது சரிதான். ஆனா என்னைக்கும் மாறாத உண்மைக்கு டென்ஸ் மாத்தக் கூடாதுப்பா. என் சம்சாரத்தைக் கேளு, 'இஸ்'னுதான் சொல்லுவா." பிறகு, "உங்க ஊருக்கு என்ன புடிச்சிருக்கு? பஸ்ஸுலயும் ஒரு கண்டக்டர் இப்படித்தான் முணுமுணுத்துக்கிட்டு வந்தான். ஆனா அவன்கிட்ட ஒரு தப்புகூட இல்ல" என்றார்.

பாருங்கள், என் வேலையே ஆட்டம் கண்டு நிற்கிறது. அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது அந்தக் கடைசி வாக்கியம்தான். "அவன் என் கூடத்தான் படிக்கிறான் சார்" என்றேன் ஈனக்குரலில். "அப்படியா! ரொம்ப நல்லாப் பேசுறான்னு நான் சொன்னேன்னு அவன்கிட்டச் சொல்லு" என்றார். அப்புறம்தான் தாம் யார் என்று சொன்னார். ஐயாவுக்கே மேலதிகாரி. சாமி கும்பிட வந்த இடத்தில் கார் பழுதாகி, பஸ் ஏறி வந்திருக்கிறார்.

ஐயா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் தெருவரை கேட்டிருக்கும். நான் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இந்தப் பய மரியாதைக் குறைவா எதுவும் பேசிட்டானா சார்?"

"சேச்சே. நீங்க வேலையா இருக்கீங்கன்னு இங்கிலீஷ்ல சொன்னான். நல்ல பையன்."

முட்டாளும் இல்லை, நெக்ஸ்ட் டேயும் இல்லை. ஐயா குடும்பம், என் குடும்பம் இரண்டுக்கும் சோறு போடுகிற உத்தியோகத்தை, இரண்டு வார்த்தையை முழுங்கி அவர் காப்பாற்றிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் கண்டக்டர் முகம் தொங்கிக் கிடந்தது. "பஸ்ஸுல பேயி புடிச்சவனாட்டம் பொலம்புறேன்னு மொதலாளிகிட்ட யாரோ வத்தி வெச்சுட்டாங்கண்ணே. இத்தோட படிப்பை விட்டுரலாம்னு இருக்கேன். நமக்கெல்லாம் எதுக்கு இது? ஒங்களுக்கென்ன, நாள் பூரா ஆபீஸ்ல இங்கிலீஷ் காதுல விழுது. ஒங்களைப் பார்த்தா எனக்கு வயித்தெரிச்சல்ணே" என்றான்.

அவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான்! கேட்கக் கேட்கத் தேனாக இருந்தது. பேசாமல் இருந்தால் போதும், சத்துரு தானாக ஒழிவான். மொட்டைத் தலை அதிகாரி சொன்ன வாக்கியம் என் வாய்க்குள்தான் இருந்தது, யாருக்கும் தெரியாது. காலையில் அவரும்தான் முழுங்கினார். ஆனால் அவர் முழுங்கியது என்னைக் காப்பாற்ற. நான் முழுங்கினால்? தொண்டை வரை வந்தது, உள்ளே போனது, மறுபடி வந்தது. கடைசியில் மாத்திரையைத் துப்புகிற மாதிரி, "ஒரு பெரிய ஆபீசர் செட் தட் யு ஸ்போக் வெரி வெல்" என்றேன்.

"நெசமாவாண்ணே?" அவன் சிரித்த சிரிப்பில் காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்தவனும் நான்தான், வேறு யார்?

இரண்டு பேரும் தேறினோம். நான் கிளார்க் ஆனேன். இங்கிலீஷில் மார்க்கு அவனுக்குத்தான் அதிகம், எவ்வளவு அதிகம் என்று சொல்ல இப்போதும் வாய் வரவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகும்போது எதை முழுங்க வேண்டும், எதைத் துப்ப வேண்டும் என்று அன்றைக்குக் கற்றதை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். ஆனாலும் பஸ்ஸில் யாராவது தடங்கலில்லாமல் இங்கிலீஷ் பேசினால் வயிற்றுக்குள் பழையபடி அடுப்பு மூண்டுவிடுகிறது. நான் பொறாமைக்காரன் என்கிற அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் எத்தனை வருஷமானாலும் டென்ஸ் மாறாது போலிருக்கிறது.