எருமைகள் விட்ட வழி

பேய் பிசாசு, சகுனம் எதையும் நான் நம்பியதில்லை. ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் சுடுகாட்டு மண்டபங்களில் படுத்துத் தூங்கியிருக்கிறேன், கொசுவைத் தவிர எதுவும் என்னைக் கடித்ததில்லை. ஆனாலும் இது நடந்தது. நீங்கள் சிரித்தாலும் இப்படித்தான் சொல்வேன்.

1930-களில் அடையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜமீன்தார் மகன் சொந்தமாக விமானம் வைத்திருந்தார். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். அது இறங்குவதற்குப் புல்லைச் செதுக்கிப் போட்டிருந்த தரை நீளம் ரொம்பக் குறைவு, முடிகிற இடத்தில் பனைமரங்கள் வேறு. மேய்கிற எருமைகளை அங்கிருந்து விரட்டுவது என் வேலை. மெக்கானிக் காசிம் பாய்தான் சேர்த்துவிட்டார். அவர் வீட்டுச் சோறுதான் அப்போது எனக்கு உயிர்.

அன்று சாயங்காலம், ஜமீன்தார் மகன் பின் இருக்கையில் உட்கார்ந்து ஓட்ட, பாய் முதல் தடவையாக விமானத்தில் ஏறினார். "நைனா, நான் எறங்கறப்போ ஒரு மாடு குறுக்க வந்துச்சுன்னா, எம் பொண்டாட்டி உன்னக் கைமா பண்ணிடுவா" என்று சிரித்தார்.

அவர்கள் மேலே போனதும் ஒரு பாட்டம் மழை கொட்டி விட்டது. பார்த்தால் தரை முடிகிற இடத்தில் எருமைகள். மேயவில்லை. இரண்டு வரிசையாக, ஒன்றையொன்று பார்த்து, நடுவில் வழி விட்டு நின்றன. அந்த வழி பனைமரங்களை ஒதுக்கிவிட்டு, அவை படுத்துப் புரளும் சேற்றுக் குட்டைக்குப் போனது. தடியால் அடித்தேன், வாலை முறுக்கினேன், ஒன்றும் நகரவில்லை. மாட்டுக்காரி கண்ணம்மா ஓடி வந்து, "யோவ், இன்னா பண்ண எம் மாட்ட? பொம்ம மாரி நின்னுக்கினு கீது!" என்று கத்தினாள்.

அதற்குள் விமானம் இறங்கிவிட்டது. ஈரப்புல், அந்த விமானத்துக்கு பிரேக்கும் கிடையாது. தரை முடிந்த பிறகும் நிற்காமல் பனைமரங்களைப் பார்த்து நேராக வழுக்கி வந்தது. முன் இருக்கையில் பாய் வாயைப் பிளந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. கடைசி நொடியில் விமானம் திரும்பி அந்த வழிக்குள் நுழைந்தது. இறக்கைக்கும் கொம்புக்கும் நடுவே ஒரு முழம்தான். கார் ஹாரன் கேட்டாலே தெறித்து ஓடுகிற எருமைகள், நம்பினால் நம்புங்கள், காதைக்கூட ஆட்டவில்லை. விமானம் குட்டையில் மூக்கைச் செருகி நின்றது.

தோள்பட்டை எலும்பு முறிந்து, சேறு வழிய இறங்கினார் பாய். "மாடுங்கள சோக்கா நிறுத்தி வழி காட்டின நைனா. அதப் பாத்துதான் சின்னவரு திருப்புனாரு."

"நான் நிறுத்தல பாய்."

"அத சின்னவருகிட்ட சொல்லித் தொலையாத."

விமானத்தை விற்றுவிட்டார்கள். நானும் ரங்கூன் போய்விட்டேன். சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். எருமைகள் அதேபோல் இரண்டு வரிசையாக, ஒன்றையொன்று பார்த்து நின்றன. இந்தத் தடவை நடுவில் விட்டிருந்த வழி அன்றைக்கு விட்டதைப்போல நாலு மடங்கு அகலம் இருந்தது.

"கொஞ்ச நாளா டெய்லி இப்டித்தான்" என்றாள் கண்ணம்மா. "எதுக்கோ காத்துக்கினு கீது."

வானத்தை அண்ணாந்து பார்த்தேன். எதுவும் இல்லை. பிறகுதான் நான் நிற்பது அந்த வழியின் நடுவில் என்பதைக் கவனித்து, விலகி நடந்தேன்.