அண்ணைக்காகக் குதிரை ஓடியது

சண்டை நின்றிருந்த அந்த இரண்டு மூன்று வருடங்களில் நெடுந்தீவுக்குக் கருத்தரங்குகள் வள்ளம் வள்ளமாக வந்து இறங்கின. தேனீ வளர்ப்புக்கு ஒன்று, கோபத்தை அடக்குவதற்கு ஒன்று, கூட்டம் நடத்துவது எப்படி என்பதற்கும் ஒரு கூட்டம். எதற்குப் போனாலும் ஒரு ஃபைல், ஒரு பேனை, மத்தியானம் சோற்றுப் பார்சல். ஆகவே குதிரைப் பந்தயத் தொழில் மாநாடு ஒன்று எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்கும் என்று அறிவித்தல் ஒட்டியபோது யாரும் அதிசயப்படவில்லை. மீன் பார்சலா, கோழிப் பார்சலா என்றுதான் விசாரித்தார்கள்.

என் அண்ணனுக்கு மட்டும் அன்றிலிருந்து நித்திரை இல்லை. தீவின் தெற்கு வெளியில் கூட்டமாகத் திரியும் குதிரைகளைக் கண்டால் நான் மதிலுக்கு மறுபக்கம் போய்விடுவேன். அண்ணன் பிடரியைப் பிடித்து வெறும் முதுகில் ஏறிவிடுவார். அவருக்கு வந்த ஒரே வித்தை அதுதான். படிப்பு ஏறவில்லை, கடலுக்குப் போனால் வாந்தி. அறிவித்தலின் கடைசி வரியில், மாநாட்டுக்கு வருபவர்களில் ஒரு இளைஞரைத் தெரிந்தெடுத்து நுவரெலியாவில் பந்தயக் குதிரை லாயம் ஒன்றில் வேலை கொடுப்பதாக இருந்தது. வெறும் முதுகில் குதிரை ஏறுவேன் என்று எழுதி அண்ணன் விண்ணப்பித்தார். வரச் சொல்லிக் கடிதமும் வந்தது. மூன்று நாள் இருக்கையில் கொப்பளிப்பான் போட்டு, உடம்பெல்லாம் கொப்புளத்தோடு பாயில் விழுந்தார்.

நான் அப்போது உயர்தர வகுப்பு மாணவன். அண்ணன் என்னைக் கதவடிக்குக் கூப்பிட்டார்.

“எனக்காக ஒருக்கால் குதிரை ஓடு. பேரைக் கூப்பிட்டா ஓம் எண்டு சொல்லு. வேறை ஒண்டும் கதையாதை.”

எங்கள் பக்கத்தில் ‘குதிரை ஓடுவது’ என்றால் ஒருவருடைய சோதினையை அவர் பெயரில் இன்னொருவர் போய் எழுதுவது. பிடிபட்டால் இரண்டு பேருடைய படிப்பும் அதோடு சரி. குதிரை மாநாட்டுக்கே குதிரை ஓடப்போகிறோம் என்று இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பை விடப் பயம்தான் கூட இருந்தது.

மண்டபத்தில் பாதிக்கு மேல் கடற்றொழிலாளர்கள். மேடையில் தொப்பி போட்ட வயதான தலைவர் ஒருவர் ஆங்கிலத்தில் பேச, கொழும்பிலிருந்து கூட்டிவந்த தமிழர் ஒருவர் மொழிபெயர்த்தார். பந்தயக் குதிரையின் சிறுநீரை எப்படிப் பரிசோதிப்பது என்று முக்கால் மணித்தியாலம் விளக்கினார்கள். குதிரைக்குப் போடும் மெத்தையைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு குதிரை நாளொன்றுக்கு எத்தனை வாளி தண்ணீர் குடிக்கும் என்று சொன்னபோது, பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, “நல்ல தண்ணியோ, உப்புத் தண்ணியோ?” என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளருக்குக் கேள்வி விளங்கவில்லை. குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் எங்களுக்கு நன்றாக விளங்கியது.

பார்சல் முடிந்த பிறகுதான் வினை வந்தது. தலைவர் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் மைக்கில் சொன்னார்:

“இங்கே வந்திருப்பவர்களில் யார் யார் குதிரை ஓடியிருக்கிறீர்கள்? கையை உயர்த்துங்கள்.”

ஒரு கையும் உயரவில்லை. முன்வரிசையில் ஒரு கிளாக்கர் குனிந்து செருப்பைச் சரிசெய்யத் தொடங்கினார். எங்கள் கணக்கு வாத்தியார் எழுந்து, “எங்கட பள்ளிக்கூடத்தில அப்பிடி ஒண்டும் நடக்கிறேல்லை” என்றார்.

“ஒருவர்கூடவா இல்லை? இந்தத் தீவில்தான் நிறையக் குதிரைகள் என்று கேள்விப்பட்டுத்தானே வந்தோம்?”

“அது முந்தி,” என்றார் இன்னொருவர். “இப்ப ஐடென்ரிக்காட் பாக்கினம்.”

மொழிபெயர்ப்பாளர் களைத்துப்போய் வரவுப் பட்டியலை எடுத்தார். அண்ணன் பெயரை வாசித்தார். நான் ஓம் என்றேன். அவர் நேரே என்னிடம் வந்தார்.

“தம்பி, நீங்கள் குதிரை ஓடியவர்தானே? எங்களுக்கு எல்லாம் தெரியும்.”

யாரோ கோள் சொல்லிவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன்.

“ஓம் சேர். இண்டைக்கு மட்டும்தான். இனிமேல் ஓடமாட்டன்.”

அவர் அதைச் சந்தோஷமாக ஆங்கிலத்தில் சொன்னார். தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேடையால் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தப் பையன் இன்றைக்கு மாநாட்டுக்கே குதிரையில் வந்திருக்கிறான் என்று அவருக்கு விளங்கியிருந்தது.

“ஏன் இனிமேல் ஓடமாட்டீர்கள்?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். “உங்களை ஓட வைக்கத்தான் நாங்கள் வந்திருக்கிறோம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். பள்ளிக்கூடத்தின் பெயர் கெடாமல் தப்பிய நிம்மதியில் கணக்கு வாத்தியார் மற்றவர்களை விடப் பலமாகத் தட்டினார். வேலை எனக்கு, அதாவது அண்ணனுக்கு, என்று அந்த இடத்திலேயே அறிவித்தார்கள். அப்போதுதான் அவர்கள் கேட்டது எந்தக் குதிரை என்று எனக்கு உறைத்தது. உடனே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவர் என்னைச் சுவரோடு நிறுத்திப் படம் பிடித்தார். அதுவரை எனக்கு யாரும் கை தட்டியதில்லை. நான் வாயைத் திறக்காமல் நின்றேன். அதை இன்றும் பயம் என்று சொல்லித் தப்ப என்னால் முடியவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு மாதம் கழித்து லாயத்துக்குள் போவதற்கான அட்டை தபாலில் வந்தது. பெயர் அண்ணனுடையது. படத்தில் இருந்தது நான். அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மூக்கு ரெண்டு பேருக்கும் ஒண்டுதான். சமாளிக்கலாம்,” என்றார். வள்ளத்தில் வாந்தி எடுத்தபடியே புறப்பட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். அம்மா சோறு போட்டார். அண்ணன் பாதி சாப்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அட்டைப் படத்தில இருக்கிறது நானில்லையாம். என்ர ஐடென்ரிக்காட்டையும் காட்டினனான். அதுதான் கள்ளமாம். மாநாட்டுக்கு வந்த தம்பியை அனுப்பச் சொன்னாங்கள்.”

அவர் என்னை வைதிருந்தால் நல்லது என்று இருந்தது. அவர் வையவில்லை.

“கேற்றுக்கு வெளியால கன நேரம் நிண்டு பாத்தனான். ஒவ்வொரு குதிரைக்கும் அதின்ர பேரைப் பலகையில எழுதி மாட்டியிருக்கிறாங்கள்,” என்றார். பிறகு கையைக் கழுவ எழுந்து போனார்.