தாகத்தை எடுத்துவிடும்படி கேட்டேன்

முதலில் தெரிந்தது காலில்தான். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருடம் ஓவர்லாக் (துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் மெஷின்) டெய்லராக இருந்தவள் நான். நாள் முழுக்க மெஷினை மிதிக்கிற கால் மாலையில் கொஞ்சம் வீங்குவது எங்கள் எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் அந்த ஐப்பசியில் காலையில் எழும்போதே இரண்டு காலும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. சிறுநீர் நுரைத்துப் போயிற்று. இரண்டையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஷிப்மெண்ட் நேரம், லீவு கேட்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து மெஷினிலேயே வாந்தி எடுத்தேன். கட்டிங் மாஸ்டராக வேலை பார்க்கும் என் கணவர் செல்வராஜ் தன் கம்பெனியிலிருந்து ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாததால் இரத்தத்தில் தேங்கும் கழிவு) மிக அதிகமாக இருந்தது.

"ரொம்ப நாளா பிரஷர் இருந்திருக்கும்மா. உங்களுக்குத் தெரியல. ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சு" என்றார் டாக்டர்.

"சரியாயிருமுங்களா?" என்று கேட்டார் என் கணவர்.

டாக்டர் டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியாக இரத்தத்தைச் சுத்திகரிப்பது) பற்றிச் சொன்னார். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கணவர் தன் சிறுநீரகத்தைத் தர முன்வந்தார்; அவருக்குச் சர்க்கரை இருந்ததால் வேண்டாம் என்றுவிட்டார்கள். மாற்று சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்துவிட்டு இன்றுவரை காத்திருக்கிறோம்.

ஊசியை நான் சீக்கிரமே பழகிக்கொண்டேன். பழக முடியாமல் போனது வேறொன்று. "ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். டீ, ரசம், மோர் எல்லாம் அதுக்குள்ளதான்" என்று சொல்லியிருந்தார்கள். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்ட உடம்பில், குடிப்பதெல்லாம் உள்ளேயே தங்கிவிடும்.

இதே நிலையில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குத் தாகத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்காகச் சொல்கிறேன். அது தொண்டையில் மட்டும் இருப்பதில்லை. பக்கத்து வீட்டில் குடம் நிரம்பும் சத்தம் கேட்டால் செய்கிற வேலை நின்றுவிடும். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் கொஞ்ச காலம் கம்பெனிக்குப் போனேன்; அங்கே ஓரிசாப் பெண்கள் பாட்டிலை அண்ணாந்து கடகடவென்று குடிக்கும்போது நான் அவர்கள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஐஸ் துண்டைச் சப்பலாம், வாயைக் கொப்பளிக்கலாம், உப்பைக் குறைத்தால் தாகமும் குறையும். எல்லாம் உண்மை. ஆனாலும் தாகம் இருக்கும்.

நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் பிறந்தவள். கணவர் குன்னத்தூர்க்காரர். இருவருமே பரம்பரைக் கிறிஸ்தவர்கள். எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆசையை ஜெயித்தவனுக்குத்தான் நல்ல வாழ்வு என்று எனக்குச் சொல்லித்தந்ததையே நானும் சொல்லித்தந்தேன். ஆகவே தாகத்தையும் அப்படித்தான் பார்த்தேன். "ஆண்டவரே, என்னிடமிருந்து இந்த ஆசையை எடுத்துவிடும்" என்று தினமும் ஜெபித்தேன். தண்ணீர் வேண்டுமென்று கேட்கவில்லை. தண்ணீரை வேண்டாமல் இருக்க வேண்டுமென்று கேட்டேன்.

டயாலிசிஸில் எனக்கு அடுத்த படுக்கைக்குப் பழனிசாமி என்று ஒருவர் வருவார். சேவூர்ப் பக்கத்து விவசாயி, அறுபது தாண்டியவர். ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் அவருக்கு ஏறியே இருக்காது. நர்சுகள் அவரைக் காட்டித்தான் எங்களைத் திட்டுவார்கள்.

"தண்ணி குடிக்காம எப்படிங்கய்யா சமாளிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குத் தாகமே எடுக்கறதில்லீங் கண்ணு. சோறும் வேண்டீதில்லை. ஒண்ணுமே வேண்டீதில்லை" என்றார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் அழுது கேட்டும் கிடைக்காதது, கேட்காமலே இவருக்குக் கிடைத்திருக்கிறதே என்று நினைத்தேன்.

மே மாதம் நான் தோற்றேன். குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு சொம்பு நல்ல தண்ணீரைக் குளியலறைக்குள் எடுத்துப்போனேன். நின்றபடியே முழுவதையும் குடித்தேன். அந்தச் சுகத்தை இப்போதும் பொய்யென்று சொல்ல மாட்டேன். மறுநாளும் குடித்தேன். அதற்கடுத்த நாள் இரண்டு சொம்பு. நான்காம் நாள் காலை படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது (மூச்சுப்பைகளில் காற்றுக்குப் பதில் நீர் நிறைவது). ஆட்டோவில் போகும்போதே என் உதடு நீலமாகிவிட்டதாம்.

ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். டாக்டர் குனிந்து, "என்னம்மா குடிச்சீங்க?" என்று கேட்டார்.

"இல்லீங் டாக்டர். அவ அளவுக்கு மேல ஒரு சொட்டுக் குடிக்கமாட்டாளுங்க. நாந்தான் கூடவே இருந்து பாத்துக்கறேன். மெஷின்ல ஏதோ கோளாறு இருக்கும், பாருங்க" என்றார் என் கணவர். அவ்வளவு உறுதியாகச் சொன்னார்.

மாஸ்க்கோடு நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூச்சு முட்டியதைவிட அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, பேச முடிந்ததும் சொன்னேன். "நான் குடிச்சேங்க. பாத்ரூம்ல ஒளிச்சு வச்சுக் குடிச்சேன்."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நானும் ஒண்ணு சொல்லோணும் புள்ள. ஊட்டுக்குள்ள நான் தண்ணி குடிச்சு அஞ்சு மாசமாச்சு. நீ பாத்தா ஏங்குவீன்னு டீக்கடைக்குப் போயித்தான் குடிச்சுட்டு வாரேன்."

ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"இனிமே என் முன்னாலயே குடிங்க" என்றேன்.

"உனக்கு ஏக்கமா இருக்காதா?"

"இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்."

ஆவணியில் பழனிசாமி ஐயா இரண்டு முறை டயாலிசிஸுக்கு வரவில்லை. மூன்றாவது முறை அவர் மனைவி மட்டும் ஏதோ கையெழுத்துக்காக வந்தார். ஐயா இறந்துவிட்டார். அந்த அம்மா என் படுக்கை ஓரமாக வந்து உட்கார்ந்தார்.

"வரமாட்டேன்னு சொல்லிட்டாருங்க. நாங்க கெஞ்சிப் பாத்தோம். ஒரு வருசமாவே அவருக்கு எது மேலயும் பிரியமில்லீங்க. மக பிரசவமாயி வந்தா, பேரனைத் தூக்கிக் கையில குடுத்தா. வேண்டாம்னுட்டாரு" என்றார்.

அந்த அம்மா போன பிறகு என்னால் அழக்கூட முடியவில்லை. நான் பொறாமைப்பட்டது இதைப் பார்த்துத்தானா? மனிதர் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்திருக்கிறார். நான் அதை வெற்றி என்று நினைத்திருக்கிறேன். அன்றைக்குப் பிறகு என் பழைய ஜெபத்தைச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு என்னென்ன வேண்டும் என்று மட்டும் ஆண்டவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். மிச்சம் வைக்காமல் சொன்னேன்.

அடுத்த வருடம் புனித வெள்ளிக்கு முன் எங்கள் ஆயர் வீட்டுக்கு வந்தார். மூன்று மணி நேர ஆராதனையில் சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றியும் ஏழு பேர் பேசுவது எங்கள் சபை வழக்கம். ஐந்தாவது வார்த்தையைப் பற்றி, தாகமென்று இயேசு சொன்னதைப் பற்றி, என்னைப் பேசச் சொன்னார்.

"நான் அதுல தோத்தவ ஐயா" என்றேன்.

"தெரியும்மா. செல்வராஜ் சொன்னார். அதனாலதான் கேக்கிறேன்."

பத்து நிமிடம் பேசினேன். சிலுவையில் அறையும் முன்பு அவருக்கு ஒரு பானம் கொடுத்தார்கள், வலி மரத்துப்போவதற்கு. அதை ருசி பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். ஆனால் கடைசியில், கீழே நின்ற எல்லோர் காதிலும் விழும்படி, தாகமாயிருக்கிறேன் என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் அந்த முதல் பானம்தான் என்று சொன்னேன். எதுவும் வேண்டாதபடி என்னை மரத்துப்போகச் செய்யும் என்றுதான் இத்தனை நாள் கேட்டிருக்கிறேன். அவரோ ஏக்கத்தோடேயே இருந்தார். அதை மறைக்கவும் இல்லை. நானோ மறைத்தேன். சொம்பைப் பற்றியும் சொன்னேன். கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் யாரும் நன்றாகப் பேசினாய் என்று சொல்லவில்லை. கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த மேரி கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் குழந்தை வேணும்க்கா. வேண்டாம்னு பழகிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறேன். இன்னும் வேணும்" என்றாள். துபாயில் மகன் இருக்கிற ஒருவர், அவன் குரலை ஃபோனில் கேட்டால் போதவில்லை, அவன் தலையைத் தொட வேண்டும் என்றார். நான் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதை நின்று கேட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. டயாலிசிஸ் நாள். சபையில் அன்று ஆராதனை கிடையாது. இயேசு கல்லறையில் கிடக்கிற நாள். முன்பெல்லாம் சனிக்கிழமை எனக்கு ஈஸ்டருக்குத் துணி தேய்க்கிற நாள், அவ்வளவுதான். இப்போது என் நாட்கள் எல்லாமே அந்தச் சனிக்கிழமை மாதிரி இருக்கின்றன. நடந்து முடிந்ததற்கும் வர வேண்டியதற்கும் நடுவில் இருக்கிறேன். நேரம் ஓடுவதில்லை; இரத்தத்தோடு சேர்ந்து வெளியே போய், சுற்றி, மறுபடி என் கைக்குள் வருகிறது. இந்த உடம்பை முன்பு நான் ஓட்டினேன். இப்போது அதன் பக்கத்தில் உட்கார்ந்து அது சொல்வதைக் கேட்கிறேன்.

நர்ஸ் ஊசியைக் குத்திவிட்டு, "என்னக்கா வேணும்? ஃபேன் போடட்டுமா?" என்று கேட்டாள்.

"தண்ணி வேணும்" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். தரமாட்டாள் என்று தெரிந்தும், வெட்கமில்லாமல் கேட்டேன்.