அசம்ப்டா இருக்கும்போது விசில் கிடையாது

அயர்லாந்தில் எங்கள் லிமெரிக் ஊரில் அசம்ப்டா குவிலிகனைத் தெரியாதவர்கள் பஸ்ஸே ஏறாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். இருபது வருடமாக எங்கள் பக்கத்து பஸ்ஸை ஓட்டுகிறவள் அவள்தான். ஹாரன் அடிப்பதை விட ஜன்னலைத் திறந்து கத்துவது அவளுக்குச் சுலபம். காது இருக்கிறவன் ஒதுங்கிக்கொள்வான். வீடு எங்களுக்கு அடுத்த வீடுதான். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாய் மகனை வளர்த்தாள். அந்த மகன் டாரா, போன வருடம் எங்கள் ரக்பி கிளப்புக்குக் கேப்டன் ஆனான். ஆனதிலிருந்து பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்காவது அதைச் சொல்லியிருப்பாள்.

சனிக்கிழமை மைதானத்தில் அவள் இடம் எங்களுக்கு இரண்டு படி கீழே. எங்களுக்கு என்றால் எனக்கும் என் வீட்டுக்காரர் மலாக்கிக்கும். ஆட்டம் தொடங்கினால் அசம்ப்டாவின் வாயை மூட ஆள் கிடையாது. நடுவரின் கண்ணாடி, எதிராளியின் இடுப்பு, அவனைப் பெற்றவர்கள், எதையும் விடமாட்டாள். ஆனால் எவனாவது பந்தைத் தரையில் நிறுத்தி, கம்பத்தைப் பார்த்து உதைக்கத் தனியாக நின்றால் அத்தோடு வாய் மூடிவிடும். நம் ஆளா, வெளியாளா, எந்த வித்தியாசமும் இல்லை. உதைக்கிறவன் யாரானாலும் சத்தம் போடாமல் இருப்பது எங்கள் ஊர் மைதானத்து வழக்கம். யாராவது புதுசாக வந்து இருமினால்கூடத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். அந்த இருமல் அதோடு நின்றுவிடும்.

இப்போது கஹலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கஹல் மல்க்வீனும் டாராவும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாக வளர்ந்தவர்கள். அசம்ப்டா வீட்டு மேஜையில் அவனுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. எங்கள் கிளப்பின் உதைகாரன் அவன்தான். அப்படிப்பட்டவன் போன கோடையில் கார்க் கிளப்போடு போய்விட்டான். கார்க்! எங்களுக்குப் பரம்பரை எதிரி ஊர், வேறு ஊரே கிடைக்கவில்லையா அவனுக்கு? வேலை தருகிறார்கள், வீடு தருகிறார்கள் என்று போனான், சரி, அது அவன் பாடு. ஆனால் அசம்ப்டாவிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போனான். அது அவளுக்கு எப்படி வலித்தது என்று எனக்குத் தெரியும். அந்த நாற்காலியை மாடிக்குத் தூக்கிப் போட்டாள், கஹல் பேச்சையே எடுக்கவில்லை.

சீசனின் கடைசி ஆட்டம் கார்க்கோடுதான், எங்கள் மைதானத்தில்தான் என்று வந்தது. தோற்றால் நாங்கள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பப்பில் மலாக்கியும் அவர் கூட்டாளிகளும் கூடிப் பேசி, கஹல் உதைக்க வந்தால் விசிலடித்தே ஓட்டுவது என்று முடிவெடுத்தார்கள். துரோகிக்கு எதற்கு மரியாதை என்பது அவர்கள் கட்சி. கடையில் போய் விசிலே வாங்கிவிட்டார்கள், அறுபது வயதுக்காரர்கள். எனக்கு வந்த கோபத்தில், அதை வீட்டுக்குள் கொண்டு வந்தால் அடுப்பில் போடுவேன் என்றேன். மனுஷன் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

கஹல் முதலில் ஆடவில்லை. ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது இறக்கினார்கள். மைதானம் முழுக்க ஊளையிட்டது. அசம்ப்டா சும்மா இருப்பாளா? "ஏண்டா, கார்க்ல நல்லாத் தீனி போடுறாங்க போல, தொப்பை உனக்கு முன்னாடி ஓடி வருது!" என்று கத்தினாள். மூன்று பக்கமும் சிரித்தது. கஹல் தலை நிமிரவில்லை, ஆனால் காது சிவந்துவிட்டது.

நாங்கள் இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கடைசி நிமிடத்தில் டாரா விழுந்து கிடந்தவன், பந்தை விட வேண்டிய நேரத்தில் விடாமல் பிடித்துக்கொண்டான். நடுவர் கையைத் தூக்கினார். பெனால்டி, கார்க்குக்கு. உள்ளே போனால் மூன்று புள்ளி. கேப்டன் கையாலேயே கிளப் இறங்கும். உதைக்க வந்தது கஹல்.

அசம்ப்டாவின் முகத்தை நான் பார்த்தேன். ரத்தமே இல்லை அதில். மகன் அங்கே முழங்காலில் கிடக்கிறான், அவன் பேர் இனி இந்த ஊரில் எப்படிச் சொல்லப்படும் என்பது ஒரு உதையில் தொங்குகிறது. மலாக்கி பையில் கையை விட்டார். சுற்றிலும் நாலைந்து பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் ஆரம்பித்தால் போதும் என்று.

அசம்ப்டா திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"மலாக்கி. அது உன் வாய்க்குப் போச்சுன்னா, நாளையிலேர்ந்து என் பஸ் உனக்கு நிக்காது."

என் வீட்டுக்காரர் கார் ஓட்டத் தெரியாதவர். அதனால்தான் கையை எடுத்தார் என்று மற்றவர்கள் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். அது இல்லை. பக்கத்தில் நின்றவள் நான். பெற்ற மகனே கவிழப் போகிற நேரத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள், இவர் எந்த முகத்தோடு ஊதுவார்?

அவ்வளவு பேர் நின்ற மைதானத்தில் கொடிக்கயிறு கம்பத்தில் படுகிற சத்தம் கேட்டது. கஹல் நிமிர்ந்து எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தான். ஊளையை எதிர்பார்த்து வந்த பையன். பிறகு இரண்டு எட்டு பின்னால் போய் ஓடி வந்து உதைத்தான். பந்து கம்பங்களுக்கு நடுவில் போனது. ஆட்டம் முடிந்தது. நாங்கள் இறங்கிவிட்டோம்.

கார்க் ஊர் ஆட்கள் ஒரு மூலையில் குதித்தார்கள். மலாக்கி பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "இப்ப சந்தோஷமா? உன் மகனை நீயே கவுத்துட்டியே."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அசம்ப்டா கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"நீ ஊதி, அவன் உதை தப்பியிருந்தா, டாரா உன் விசிலால பொழைச்சவன். இப்ப அவன் தோத்தவன், அவ்வளவுதான். தோத்தவன் என் வீட்டு மேஜையில நிமிர்ந்து உக்காந்து சாப்பிடலாம்."

இவள் என் பக்கத்து வீட்டுக்காரி என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு.

கீழே எங்கள் பையன்கள் வழக்கப்படி இரண்டு வரிசையாக நின்று, நடுவில் ஜெயித்தவர்களைக் கைதட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதல் ஆளாக நின்று தட்டியது டாரா. முகமெல்லாம் சேறு. கஹல் கடைசியாக வந்தான். வரிசைக்குள் நுழையத் துணிச்சல் இல்லாமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தான். டாரா எட்டிச் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். எங்கள் பக்கம் இன்னும் அமைதியாகத்தான் இருந்தது, அதனால் எங்கள் படி வரைக்கும் கேட்டது.

"எங்கடா சுத்திப் போறே? வழி இதான். உள்ள வா."

கஹல் உள்ளே நடந்தான். தோள் குலுங்கியது, அழுகிறான் என்று தெரிந்தது. எங்கள் படியிலிருந்து கைதட்டல் எழும்பியது. ஊளையிட்ட அதே ஆட்கள்தான். பக்கத்தில் பார்த்தேன், மலாக்கியும் தட்டிக்கொண்டிருந்தார், விருப்பமே இல்லாதவர் மாதிரி விரல் நுனியால்.

அசம்ப்டா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "மலாக்கி, எனக்குக் கேக்கல."

அவர் பலமாகத் தட்டினார்.