உறையூர்ப் பள்ளியின் மூன்றாவது வரி

காட்டூரில் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் போன வாரம் அரை மணி நேரம் காத்திருந்தேன். சும்மா இருக்க முடியாமல் சுவரில் இருந்த பலகைகளை எண்ணினேன். மொத்தம் இருபத்து மூன்று. இருபத்திரண்டு ஆங்கிலம். தமிழில் ஒன்றே ஒன்று: ‘செருப்பை வெளியே விடவும்.’ பொருமிக்கொண்டே விட்டேன்.

நான் படித்த உறையூர்ப் பள்ளியின் வாசல் பலகையில் மூன்று வரிகள் இருந்தன. தமிழ், ஆங்கிலம், அடியில் தெலுங்கு. மூன்றாவது வரிக்குக் காரணம், உள்ளே இருந்த ஒரே ஒரு தெலுங்கு வகுப்பு. அதன் வாத்தியார் என் தாய்மாமா. பத்துப் பேராவது படித்தால்தான் வகுப்பு நடக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் ஒன்பது பேர்தான். வகுப்பை மூடினால் அந்த வரியை அழித்துவிடுவார்கள்; மாமாவை மணப்பாறைக்கு மாற்றிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. ஆனாலும் அப்பா என்னைத் தமிழ் வகுப்பில் சேர்த்திருந்தார்.

அதிகாரி பார்வையிட வந்த அன்று, மாமா என்னைத் தம் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார வைத்தார். ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தால் இரண்டு கடலைமிட்டாய் என்று பேச்சு.

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த அந்த அதிகாரி நேராக என்னிடமே வந்தார். “தம்பி, கிளாஸ்ல மொத்தம் எத்தனை பேர்?”

எண்ணிக்கை கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. “ஒன்பது சார்.”

“எனக்குப் பத்துத் தலை தெரியுதே?”

“நான் கணக்குல வரமாட்டேன் சார். நான் தமிழ் கிளாஸ்.”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வீட்டுல என்ன பேசுவீங்க?”

“தெலுங்கு சார்.”

“எழுதுவியா?”

“ஒரு எழுத்தும் தெரியாது சார்.”

அதிகாரி மாமாவைப் பார்த்தார். “பையன் யாரு வாத்தியாரே?”

“எங்க அக்கா பையன்தான் சார்” என்றார் மாமா, ஜன்னலைப் பார்த்தபடியே.

“நல்லா இருக்குங்க! அக்கா வீட்டுலயே ஆள வச்சிக்கிட்டு ஊரெல்லாம் தேடினீங்களாக்கும்? இவங்க அப்பாகிட்ட கையெழுத்து வாங்கி இன்னைக்கே சேர்த்துக்குங்க.” சிரித்துக்கொண்டே பதிவேட்டில் பத்து என்று எழுதினார்.

அன்று மாலை அம்மா சோறு போடாமல் நின்றாள். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் என் பை இடம் மாறியது. தமிழ் வகுப்பின் ஆறு கூட்டாளிகளை இழந்தேன், மிட்டாயும் இல்லை. சரியாக எண்ணியவனுக்கு இப்படியா தண்டனை என்று அழுதுகொண்டே போனேன். மாமாவோ வாசலில் முக்காலி மேல் ஏறி நின்று பலகையின் மூன்றாவது வரியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு வணக்கம் சொன்னார். ஒரு பையன் வகுப்பு மாறியதற்கு ஒரு பெரிய மனுஷர் இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.