ரிலீவர் கேட்ட ஞாயிறு

எங்கள் கம்பெனி லைனில் ஒருத்தி நகர வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் வந்து அவள் இடத்தில் நின்ற பிறகுதான் போகலாம். அதுவரை வயிறு வலித்தாலும் சரி, அழுகை வந்தாலும் சரி, சர்க்யூட் பலகைகள் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும், திருகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தூக்கிய கைகள் நிறைய, ரிலீவர் ஒருத்திதான். அதனால் எங்கள் ஹாஸ்டலில் யாராவது "ரிலீவர் கேக்கேன்" என்று சொன்னால், இனி என்னால் ஆகாது என்று அர்த்தம். காதல் முறிந்தவளும் அதைத்தான் சொல்வாள், மெஸ் சாம்பாரைப் பார்த்தவளும் அதைத்தான் சொல்வாள்.

ஹாஸ்டல் சுங்குவார்சத்திரத்தில். கம்பெனி பஸ் வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும். வெளியே போக ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுமதி, அதுவும் வார்டன் அக்கா மனசு வைத்தால். ஊரில் அம்மா இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள், பிள்ளை பத்திரமாக இருக்கிறாளாம். பத்திரம்தான். பீரோவில் வைத்த சேலையும் பத்திரமாகத்தான் இருக்கிறது.

என் அண்ணனும் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் லைனில் நின்றவன். பிறகு ஏசி மெக்கானிக்காக சிங்கப்பூர் போனான். போகும்போது, ஆசைப்பட்டு வாங்கிய ஒரு பொருளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள், கையில் பிடித்து விளையாடுகிற கணினி. "எங்கிட்ட லேப்டாப் இருக்கு. நீ இதுல விளையாட வாட்டி, பேசிக்கிடலாம்" என்றான்.

போனில் நாங்கள் பேசுகிற லட்சணம் இதுதான். "சாப்ட்டியா?" "ம்." "மழை உண்டா?" "இல்ல." "சரி, வைக்கேன்." ஆனால் இணையத்தில் நாங்கள் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே அணியில் ஓடும்போது அவன் வேறு ஆள். மொட்டை மாடியில் வெயிலில் மயங்கி விழுந்ததை அங்கேதான் சொன்னான். பாத்ரூமில் உட்கார்ந்து நான் அழுததையும் அங்கேதான் சொன்னேன். எதிரே எவனாவது எங்களைச் சுட்டுக்கொண்டிருந்தால்தான் எங்கள் குடும்பத்துக்கு வாய் திறக்கும்.

ஆனி மாதம் வீட்டில் எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். ஆடி கழிந்ததும் பூ வைப்பதாகப் பேச்சு. என்னை யாரும் கேட்கவில்லை, தகவல்தான் சொன்னார்கள். வேண்டாம் என்றால் அம்மா அழுவாள், அப்பா போனை வைத்துவிடுவார். அப்பா காது கொடுத்துக் கேட்பது அண்ணன் சொல்லை மட்டும். ஆகவே ஆடி முடிவதற்குள் அண்ணனிடம் சொல்லியாக வேண்டும், அதுவும் விளையாட்டுக்குள் வைத்துத்தான் எனக்குச் சொல்ல வரும்.

அங்கேதான் அந்தக் கணினியில் இருந்த விண்டோஸ் குறுக்கே படுத்தது. இருவருக்கும் பொதுவாக ஓய்வு இருப்பது ஞாயிறு மத்தியானம் மட்டும். நான் அந்தப் பெட்டியை ஆன் செய்தால் அப்டேட். வட்டம் சுற்றும், அணைத்துவிடாதே என்று எச்சரிக்கும். வட்டம் நிற்பதற்குள் அண்ணன் சமைக்கப் போய்விடுவான். அடுத்த ஞாயிறு, அப்டேட் செய்ததைச் சரிசெய்ய இன்னொரு அப்டேட். இது போதாதென்று, தூங்க வைத்துத் தலையணைக்கடியில் வைத்தால் தானாக விழித்துக்கொண்டு சூடாகிக் கிடக்கும். வேண்டிய நேரத்தில் சார்ஜ் இருக்காது. எனக்கு அந்தப் பெட்டியைச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். பஸ்ஸில் போகவர அதையே படித்தேன். லினக்ஸிலும் ஒன்றல்ல, பல இருந்தன. ஒன்று அழகாக இருந்தது, ஆனால் என் பெட்டியில் ஸ்பீக்கர் வேலை செய்யுமா என்பது சந்தேகம். இன்னொன்றில் எல்லாவற்றையும் நாமே கட்டளை அடித்து அமைத்துக்கொள்ள வேண்டும்; அதற்கு நான் இன்னொரு ஷிப்ட் பார்க்க வேண்டும். மூன்றாவதை விளையாட்டுப் பிரியர்கள் சிலர் சேர்ந்து செய்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் தூங்கும், மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலேயே விழிக்கும். அப்டேட் கோளாறு செய்தால் பழைய நிலைக்கே திரும்பிப் போய்விடலாம். இந்தக் கடைசி வசதியை இரண்டு தரம் படித்தேன். ஆனி மாதத்துக்கு முந்தைய நிலைக்குப் போக முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பொறாமையாக இருந்தது.

ஆனால் லினக்ஸ் போடப் போவதாகச் சொன்னதும் அண்ணன் ஒரு செய்தி அனுப்பினான். "லினக்ஸ்ல நம்ம கேம் ஓடாதுட்டி."

விசாரித்ததில் உண்மைதான். திருட்டு ஆட்டக்காரர்களைப் பிடிக்க அந்த விளையாட்டு ஒரு காவலாளியை வைத்திருக்கிறது. லினக்ஸில் வருபவர்களை அது வாசலிலேயே மறித்துவிடும். இரண்டையும் சேர்த்து வைக்கலாமென்றால் பெட்டியில் இடமில்லை. முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் போனால் உதைக்கிறது. இணையத்தில் பத்துப் பேர் ஓடாது என்று எழுதியிருந்தார்கள், ஒரே ஒருவன் மட்டும் எனக்கு ஓடுகிறது என்று எழுதியிருந்தான். ஆத்திரத்தில் இருக்கிறவளுக்கு அந்த ஒருவன் போதும். நான் அவனை நம்பினேன்.

ஆடி கடைசி ஞாயிறு, காலையிலேயே மூன்றாவது லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸைத் துடைத்துவிட்டுப் போட்டேன். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடியபோது வார்டன் அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா அது, வீடியோ கேமா?"

"கம்ப்யூட்டர்க்கா."

"கம்ப்யூட்டர்னா சரி. படிக்கிறேன்னு சொல்லிகினு ஆடினு கெடக்காத."

அழகாக எழுந்து வந்தது. தூங்க வைத்தேன், தூங்கியது. எழுப்பினேன், எழுந்தது. சந்தோஷமாக இருந்தது. மத்தியானம் விளையாட்டைத் திறந்து அண்ணனுடைய அணியில் சேரப் போனேன். அனுமதி இல்லை என்று வெளியே தள்ளியது. மறுபடி போனேன், மறுபடி தள்ளியது. அந்த ஒருவன் வேறு எந்த விளையாட்டைச் சொன்னானோ, நாசமாய்ப் போக.

போன் அடித்தது. அண்ணன்.

"என்னட்டி, வரலியா?"

"உள்ள விடமாட்டேங்கு."

"அதான் அப்பமே சொன்னம்லா."

"ம்."

"சாப்ட்டியா?"

"ம்."

அடுத்து "சரி, வைக்கேன்" வரும். அது வந்துவிட்டால் ஆடி முடிந்துவிடும். கையில் துப்பாக்கி இல்லை, ஓடுவதற்குத் தெருவில்லை, எதிரே இரும்புக் கட்டில்தான் இருந்தது. கல்யாணம் என்ற சொல்லே எனக்கு வரவில்லை. பழகிய வார்த்தை மட்டும் வந்தது.

"அண்ணே, ரிலீவர் கேக்கேன்."

அவனும் லைனில் நின்றவன், அவனுக்கு விளக்க வேண்டியதில்லை.

"அந்த மாப்பிள்ளை விஷயமா?"

"ம்."

"ஆளப் பிடிக்கலையா?"

"எனக்கு இப்பம் கல்யாணமே வேண்டாம்ணே."

"சரி, நீ நகரு. நான் நிக்கேன்" என்றான்.

போனை வைத்த பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அப்பாவிடம் என்ன பேசினானோ தெரியாது. மறுவாரம் அம்மாதான் சொன்னாள், கோபமாக. "தையில ஒங்கண்ணன் நேர்ல வந்து பேசி முடிப்பானாம். அதுவரைக்கும் நிறுத்தி வச்சிருக்கு." நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள், விட்டுவிடவில்லை. அந்த மாப்பிள்ளை வீட்டாரும் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்களாம்.

இப்போது மார்கழி. பெட்டி ஒழுங்காகத் தூங்குகிறது, ஒழுங்காக விழிக்கிறது. லினக்ஸில் ஓடுகிற ஒரு பழைய கார் ரேஸ் விளையாட்டைக் கண்டுபிடித்து அண்ணனும் நானும் ஓட்டுகிறோம். டிக்கெட் போட்டுவிட்டானா என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறேன். போன ஞாயிறும் கேட்டேன். அவன் ஒரு வளைவில் என்னைத் தாண்டிக்கொண்டு போனான்.

"லீவு கேட்டிருக்கேன்ட்டி. எனக்கும் ரிலீவர் வரணும்லா" என்றான்.